பின்னாடி நின்னு சிரிச்ச பசங்க

படம் முடிஞ்சு பேர் ஓடிட்டு இருக்கும்போதே என் மச்சினன் கேட்டான், "அப்போ அவன் செத்ததுக்கு யாருதான் அத்தான் காரணம்?" நான் வாயத் தெறக்கறதுக்குள்ள வீட்டுக்காரி சொல்லிட்டா, "அந்த அப்பன்தான், வேற யாரு." அவன் ஒத்துக்கல. இல்லக்கா, அந்த தோங்யூன் பையன்தான், கடைசியா அவன் சொன்ன வார்த்ததான் கொன்னுச்சுன்னான். ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்ச பஞ்சாயத்து ரெண்டு மணி வரைக்கும் போச்சு, மாமியார் எந்திரிச்சு வந்து "யாரு செத்தா?"ன்னு பதறிப்போய்க் கேட்ட பிறகுதான் லைட்ட அணைச்சோம்.

படத்தோட பேரு 'ப்ளீக் நைட்'. கொரியன் படம். 2010ல பூசான் ஃபெஸ்டிவல்ல மொதல்ல காட்டினாங்க, புது டைரக்டர்களுக்கான நியூ கரண்ட்ஸ் விருத அந்த வருஷம் ரெண்டு படம் பகிர்ந்துகிச்சு, அதுல இது ஒண்ணு. 2011 மார்ச்ல தியேட்டருக்கு வந்துச்சு. டைரக்டர் யூன் சோங்-ஹ்யோனுக்கு இது மொத படம், கொரியன் ஃபிலிம் அகாடமியில படிச்ச மனுஷன், அந்த அகாடமி தயாரிப்பாவே எடுத்தது, அதாவது கையில காசு இல்லாம எடுத்த படம். அங்க சுயாதீனப் படத்த பத்தாயிரம் பேர் தியேட்டர்ல பாத்தாலே ஹிட்டுனு கேக் வெட்டுவாங்க, இது அதத் தாண்டி ஓடுச்சு. ஆனா நம்ம ஆளுங்க இந்தப் படத்துக்கு வர்ற வழி வேற. 'டாக்ஸி டிரைவர்'னு கெட்டவங்கள அடிச்சுப் பழிவாங்கற கொரியன் சீரிஸ் பாத்துட்டு, அதோட ஹீரோ லீ ஜே-ஹூன் வேற என்ன நடிச்சிருக்கான்னு தேடிட்டு வர்றவங்கதான் அதிகம், வந்துட்டு "என்னய்யா இது, அடிக்கவே மாட்டேங்கறான், அடிச்சாலும் தப்பான ஆள அடிக்கறான்"னு ஓடிப்போயிடறாங்க.

கதையச் சொல்லாம இதப் பத்திப் பேச முடியாது, பாக்கணும்னு நெனக்கறவங்க இங்கயே கெளம்பிருங்க.

கிதேன்னு ஒரு ஸ்கூல் பையன் செத்துப் போயிட்டான், தானா எடுத்த முடிவு. அவன் எப்படிச் செத்தான், எங்க, எப்போ, எதையும் படம் காட்டறதில்ல. அவனோட அப்பா, வேல வேலன்னு இருந்த மனுஷன், மகன் ரூம்ல ஒரு ஃபோட்டோவ எடுக்கறாரு, அதுல மூணு பசங்க. ஒருத்தன் இவரு மகன். மத்த ரெண்டு பேர் யாரு? ஒருத்தன் ஹீஜுன், வேற ஸ்கூலுக்கு மாறிப் போயிட்டான். இன்னொருத்தன் தோங்யூன், சாவுக்குக்கூட வரல. கொரியாவுல சாவுன்னா மூணு நாள், பெரும்பாலும் ஆஸ்பத்திரியோட இருக்கற சாவு ஹால்லதான் வெச்சிருப்பாங்க, வர்றவங்களுக்குக் காரமா மாட்டிறைச்சி சூப்பும் சோறும் போடுவாங்க, கூடப் படிச்சவன் வரலன்னா அது சாதாரண விஷயமில்ல. அப்பா அந்த ரெண்டு பேரையும் தேடிப் போறாரு. அங்கேர்ந்து கத முன்ன பின்ன போயிட்டு வருது, மூணு பேரும் ரயில் தண்டவாளத்துப் பக்கத்துல பேஸ்பால் வெளையாடிட்டு இருந்த நாட்கள்லேர்ந்து, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க முடியாத நாட்கள் வரைக்கும்.

படம் ஸ்லோ, குழப்பம், மொத அரைமணி நேரம் ஹீஜுன் யாரு தோங்யூன் யாருன்னே தெரியல, எப்போ பழசு எப்போ இப்போன்னு புரியல, இதெல்லாம் நான் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் வர்ற புகார். நியாயமான புகார்தான், எனக்கும் மொத தடவ அப்படித்தான் இருந்துச்சு. கேமராவ கையில பிடிச்சுக்கிட்டு பசங்க பிடரிக்குப் பின்னாடியே அலையறாங்க, மூஞ்சிக்கு அவ்வளவு கிட்டப் போயிடறாங்க, ரூம் எப்படி இருக்குன்னே தெரியாது. இதுக்கு மேல இந்தப் புகாரப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல, பிடிச்சா பிடிக்கும்.

மொத தடவ நான் இதப் பாத்தது கொரியாவுல, தேஜோன்ங்கற ஊர்ல. அங்க பிஎச்டிக்கு அப்புறம் போஸ்ட்டாக் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த நேரம், 2016 கடைசி, வெளிய மைனஸ் எட்டு, லேப்ல ஒரு சீனியர், அவர ஹியோங்னு கூப்பிடுவேன், நம்ம அண்ணே மாதிரி. கூட ஒரு பொண்ணு, மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருஷம். ஒரு சனிக்கிழம மூணு பேரும் எக்ஸ்பெரிமென்ட் ஓடட்டும்னு விட்டுட்டு லேப்டாப்புல போட்டுப் பாத்தோம். எனக்கு இங்கிலீஷ் சப்டைட்டில், அவங்களுக்கு வேண்டாம். இந்த வித்தியாசம்தான் அன்னிக்கு எனக்குப் பாதிப் படத்தச் சொல்லிக் குடுத்துச்சு.

ஏன்னா சப்டைட்டில்ல எல்லா எடத்துலயும் ஒரே கெட்ட வார்த்த வருது. நான் நெனச்சேன் என்னடா இந்தப் பசங்க மூச்சுக்கு மூச்சு திட்டிக்கறாங்கன்னு. ஹியோங் சிரிச்சாரு. "இல்லப்பா, அங்க பாரு, இது ஆசையா சொல்றான். இது வெளையாட்டு. இது... இங்க மாறிடுச்சு பாத்தியா?" வார்த்த ஒண்ணுதான், ஸேக்கி. நேரடி அர்த்தம் குட்டி, மிருகத்தோட குட்டி. தலையில தட்டி "டேய் கழுத"ன்னு சொல்ற மாதிரியும் சொல்லலாம், மூஞ்சியில துப்பற மாதிரியும் சொல்லலாம். படத்தோட மொதப் பாதியில கிதே அத ஹீஜுன்கிட்ட சொல்லும்போது அதுக்குள்ள அவ்வளவு ஒட்டுதல் இருக்கு, பின்னாடி அதே வார்த்தய அதே ஆள்கிட்ட சொல்லும்போது வகுப்பே அமைதியாயிடுது. எந்த சீன்ல அது மாறுச்சுன்னு ஹியோங்கால காட்ட முடிஞ்சுச்சு, எந்தக் காரணத்தால மாறுச்சுன்னு அவராலயும் சொல்ல முடியல. நம்ம ஊர்லயும் இது அப்படியே உண்டு, நெருங்கின ஃப்ரெண்ட மரியாதையா கூப்பிட்டா "என்னடா கோவமா?"ன்னு கேப்பான். பாசத்துக்குன்னு தனியா வார்த்த இல்லாத வயசு அது. திட்டத்தான் தெரியும், அதனால பாசத்தையும் திட்டியே சொல்லணும், அப்புறம் ஒரு நாள் நெசமாவே திட்டினா எதிராளிக்கு எப்படித் தெரியும், நமக்கே எப்படித் தெரியும்?

அன்னிக்குத்தான் 'ப்பாங் ஷட்டில்'னு ஒரு சொல்லையும் கத்துக்கிட்டேன். ப்பாங்னா ரொட்டி. இலங்கைத் தமிழ்ல பாண்னு சொல்றாங்கல்ல, அதே போர்ச்சுகீசிய வேர், ஜப்பான் வழியா கொரியாவுக்குப் போயிருக்கு. ஷட்டில் ஸ்டார்கிராஃப்ட் கேம்லேர்ந்து வந்தது, அதுல ஆளுங்கள ஏத்திட்டுப் போற வண்டி. ரெண்டையும் சேத்தா, இன்டர்வெல்ல பெரிய பசங்களுக்காகக் கேன்டீனுக்கு ஓடிப்போய் பன் வாங்கிட்டு வர்ற பையன். பேர் வெக்கறதுல உலகம் பூரா பசங்க ஜீனியஸ்தான். படத்துலயும் ஹீஜுனுக்கு 'பெக்கி'ன்னு பட்டப்பேரு, அவன் குடும்பப் பேரு பெக், அதுலேர்ந்து. அந்தப் பேரையும் கூர்ந்து கேளுங்க, கிதே அதச் சொல்ற தொனி படம் முழுக்க நாலஞ்சு தடவ மாறும்.

அந்தப் பொண்ணு மட்டும் படம் முடியற வரைக்கும் ஒண்ணும் பேசல. முடிஞ்சதும் சொன்னா, "செஜோங்குக்கு என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கல பாத்தீங்களா?" செஜோங், தோங்யூனோட கேர்ள்ஃப்ரெண்ட். அவளப் பத்தி ஊர்ல ஓடற ஒரு பேச்ச கிதே தோங்யூன் காதுல போடறான், நல்லது செய்யறதா நெனச்சா கெடுதலாவான்னு சொல்ல முடியாது, அது விபரீதத்துல போய் நிக்குது. அதுக்கப்புறம் படத்துக்கு அவ தேவப்படல. மூணு பசங்களோட மனசுக்கு ரெண்டு மணி நேரம், அவளுக்குச் சில நிமிஷம். "பசங்க சண்டைக்கு நாங்க தீக்குச்சி"ன்னா. ஹியோங் ஏதோ சமாதானம் சொல்லப் பாத்தாரு, இது பசங்க பார்வையில நடக்கற கத, அவங்க கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்னு. அவ, "அது சரி, டைரக்டருக்குமா தெரியாது?"ன்னு கேட்டுட்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கப் போயிட்டா. இந்தப் படத்தப் பத்தி நான் கேட்ட அபிப்பிராயங்கள்ல எனக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லாதது இதுதான். படம் எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், ஆனா அந்த எடத்துல அவ சொன்னது சரி.

ரெண்டாவது தடவ நான் மேல சொன்ன மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து, 2020 லாக்டவுன். அந்த ஏப்ரல்ல இதே டைரக்டரோட அடுத்த படம் நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு, இதுல கிதேவா வர்ற லீ ஜே-ஹூன், ஹீஜுனா வர்ற பாக் ஜோங்-மின், அதே ஆளுங்கதான், துப்பாக்கி, துரத்தல் எல்லாம். ஒன்பது வருஷம் கழிச்சு வந்த அந்தப் படத்த மச்சினன் பாத்துட்டு சூப்பர்னு சொல்ல, நான் சும்மா இருக்காம "மொத படம் இதவிட நல்லா இருக்கும்டா"ன்னு இழுத்து விட்டேன்.

அன்னிக்குக் கவனிச்சதுதான், பாக்கறவங்க எல்லாருக்கும் இது போலீஸ் கேஸ். படமே அப்படித்தான் ஆரம்பிக்குது, அப்பா விசாரிக்கறாரு, ஒவ்வொருத்தனும் பாதி உண்மையச் சொல்றான், அதனால நாமளும் குற்றவாளிய எதிர்பாத்து உக்காந்துடறோம். வீட்டுக்காரிக்கு அப்பா குற்றவாளி, ஏன்னா அவ அப்பாவும் ரொம்ப நாள் வெளியூர் வேலயிலயே இருந்த மனுஷன், அத அவ சொல்லல, நான் சொல்றேன். கிதே வீட்டுல அம்மா இல்ல, அப்பாவும் இருந்தும் இல்ல, அம்மா பேச்சு வந்தா அந்தப் பையன் மூஞ்சி ஒரு நொடி பூட்டிக்கும், லீ ஜே-ஹூன் அத என்னமா செஞ்சிருப்பான், படம் தியேட்டருக்கு வந்த வருஷம் கொரியாவோட ப்ளூ டிராகன் சினிமா விருதுல புதுமுக நடிகர் விருது குடுத்தாங்க, குடுக்கலன்னாத்தான் ஆச்சரியம். வீட்டுல யாரும் பாக்காத பையன், ஸ்கூல்ல எல்லாரும் தன்னையே பாக்கணும்னு நிக்கறான். இதுதான் அவ கட்சி.

மச்சினனுக்கு தோங்யூன். அந்த சீன் வந்ததும் அவன் எந்திரிச்சு உக்காந்துட்டான். எல்லாம் ஒடஞ்ச பிறகு கிதே தோங்யூன் வீட்டுக்கு வர்றான், மன்னிப்புக் கேக்க. அவனுக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது, அதிகாரம் பண்ணத்தான் தெரியும், அதனால அந்த 'ஸாரி'யும் ஆர்டர் போடற மாதிரியே வருது, பாதி கெஞ்சல் பாதி மிரட்டல். ஏற்கனவே ஹீஜுன் அவனப் பாத்து, ஒன்ன ஒரு நாளும் ஃப்ரெண்டா நெனச்சதே இல்ல, ஒன்னச் சுத்தி நிக்கறவனுங்களும் நீ ஸ்கூல்ல பெரிய ஆளுங்கறதுக்காகத்தான் நிக்கறானுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்போ மிச்சம் இருக்கறது தோங்யூன் ஒருத்தன். எங்கேர்ந்து இது தப்பாப் போச்சுன்னு கிதே கேக்கறான். தோங்யூன் கத்தல, கைய ஓங்கல. மொதல்லேர்ந்தே எதுவும் தப்பாப் போகல, நீ மட்டும் இல்லாம இருந்திருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்ங்கற மாதிரி ஒரு பதில். அவ்வளவுதான்.

கொரியாவுல இந்தப் படத்தப் பாத்த யாருகிட்டக் கேட்டாலும் மொதல்ல இந்த வசனத்தத்தான் சொல்லுவாங்க. ஹியோங்குக்கு அது மனப்பாடம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். படம் வந்து ஒன்பது மாசத்துல, 2011 டிசம்பர்ல, தேகூங்கற ஊர்ல மிடில் ஸ்கூல் பையன் ஒருத்தன் கூடப் படிச்சவங்க கொடுமையால உயிர விட்டுட்டான். நாடே ஆடிப்போச்சு. ஸ்கூல் வன்முறை தடுப்புச் சட்டம் 2004லேர்ந்தே இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம்தான் 2012 பிப்ரவரில அரசாங்கம் பெரிய திட்டம் ஒண்ணு கொண்டு வந்துச்சு, கொடுமப்படுத்தினவன் மேல எடுத்த நடவடிக்கைய அவன் ஸ்கூல் ரெக்கார்டுலயே எழுதறதுன்னு. 2023ல அத இன்னும் இறுக்கினாங்க, அந்த ரெக்கார்ட வெச்சிருக்கற காலத்த நாலு வருஷமாக்கி, காலேஜ் அட்மிஷன்லயும் பாக்கணும்னு. தேவையான விஷயம், நான் குறை சொல்லல. ஆனா இந்தப் படத்துல இருக்கறத அந்த ரெக்கார்டுல எழுதணும்னா என்ன எழுதுவாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். கிதே, ஹீஜுன அடிச்சான், மத்தவங்கள விட்டு அடிக்க வெச்சான்னு ஒரு வரி. அது உண்மையும்கூட. தோங்யூன் சொன்ன வாக்கியத்துக்கு எந்தப் பத்தியில எடம்? ஹீஜுன் சொன்னதுக்கு? அவங்க ரெண்டு பேரும் அடி வாங்கினவங்க, அவங்களுக்கு அதச் சொல்ல எல்லா உரிமையும் இருந்துச்சு. அதுதான் பிரச்சனையே. அவங்க சொன்னது தப்புன்னு யாராலயும் சொல்ல முடியல, அந்த வார்த்த செஞ்ச வேலையையும் இல்லன்னு சொல்ல முடியல.

மூணாவது தடவ போன வருஷம். பழைய ஹாஸ்டல் ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுக்கு வந்திருந்தான். நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, இவன் ஃபர்ஸ்ட் இயர்ல ராகிங்ல நொந்து போய் ஒரு செமஸ்டர் வீட்டுக்குப் போயிட்டு வந்தவன். அது தெரிஞ்சும் நான் இந்தப் படத்தப் போட்டேன், அது என் முட்டாள்தனம். அவன் அமைதியாப் பாத்தான். கிதே அழற எடத்துல நான் ஓரக்கண்ணால அவனப் பாத்தேன், மூஞ்சியில ஒண்ணுமில்ல. முடிஞ்சதும், "நல்லாத்தான்டா எடுத்திருக்கான்"னான். அப்புறம் டீ குடிக்கும்போது சொன்னான், "ஆனா ஏன்டா எல்லாப் படமும் கடைசியில அடிச்சவனுக்கும் ஒரு சோகம் இருக்குன்னுதான் காட்டணுமா? என்ன அடிச்சவனுக்கும் வீட்ல ஏதாவது பிரச்சன இருந்திருக்கும். எனக்கு அத தெரிஞ்சுக்க வேண்டாம். அது என் வேல இல்ல."

நான் எதிர்த்துப் பேசல. மனசுக்குள்ள பேசினேன், படம் கிதேவ மன்னிக்கச் சொல்லலடா, அவன் எப்படி அப்படி ஆனான்னு பாக்கச் சொல்லுதுன்னு. அது பாக்கறவனுக்கு சுலபம். அடி வாங்கினவன உக்கார வெச்சுப் பாக்கச் சொல்றதுக்கு நமக்கு என்ன தகுதி? இந்தப் படத்துக்கு எதிரா வந்த பேச்சுல, படமே எடுத்த வழி தப்போன்னு என்ன யோசிக்க வெச்சு நான் மதிக்கற அபிப்பிராயம் அவனோடது.

அவன் போன பிறகுதான் ஒரு விஷயம் உறைச்சுச்சு. இத்தன வருஷத்துல இந்தப் படத்தப் பத்திப் பேசின எல்லாரும் படத்தப் பத்திப் பேசவே இல்ல. ஹியோங் தான் ஸ்கூல்ல தோங்யூன் மாதிரின்னு சொன்னாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல சமாதானத் தூதன். வீட்டுக்காரி கிதேவோட ஆளு. என் ஹாஸ்டல்காரன் ஹீஜுன். தேஜோன்ல இன்னொரு பையன், இந்தப் படத்த ஏழு தடவ பாத்தவன், இது நட்பு இல்ல கிதேக்கு ஹீஜுன் மேல காதல், அத அவனுக்கே சொல்லிக்கத் தெரியல, அதான் இவ்வளவு வெறின்னு சத்தியம் பண்ணுவான், அப்படிப் பாத்தாலும் ஒவ்வொரு சீனும் பொருந்தத்தான் செய்யுது. யாரு எந்தக் கட்சியோ, அவங்க அவங்க அந்தப் பையனாத்தான் இருந்திருக்காங்க. மூணு பேர்ல ஒருத்தரப் பிடிச்சுக்கறாங்க.

ஆனா படத்துல மூணு பேர் மட்டும் இல்லயே. கிதே பின்னாடி எப்பவும் ரெண்டு மூணு பேர் நிக்கறானுங்க. பாத்ரூம்ல, வகுப்புல, வராண்டாவுல. அவனுங்க கிதே சிரிச்சா சிரிப்பானுங்க, பிடின்னா பிடிப்பானுங்க. நான் பாத்த இத்தன பேர்ல ஒருத்தர்கூட, "நான் அந்தப் பசங்கள்ல ஒருத்தன்"னு சொன்னதில்ல. எண்ணிக்கப்படி பாத்தா ஒவ்வொரு ஸ்கூல்லயும் அவனுங்கதான் அதிகம், எல்லாரும் எங்க போனாங்க?

நான் இங்க இருக்கேன்.

ஒன்பதாவது படிக்கும்போது, விருதுநகர் பக்கம், ஸ்கூல் பேர் வேண்டாம். எங்க செட்டுல ஒருத்தன் லீடர், படத்துல வர்ற மாதிரி அழகான ஆளெல்லாம் இல்ல, ஆனா அவன் எங்க நிக்கறானோ அங்கதான் கூட்டம். அவன் தெனமும் சாயங்காலம் ஒரு பையனோட சைக்கிள்ல வால்வ் டியூப்ப உருவிடுவான். அந்தப் பையன், நாங்க குருவின்னு கூப்பிடுவோம், பெல் அடிச்சதும் ஸ்டாண்டுக்கு வருவான், டயர அமுக்கிப் பாப்பான், ஒண்ணும் சொல்லாம தள்ளிட்டுப் போவான். அவன் ஊருக்கு நாலு கிலோமீட்டர். நாங்க சைக்கிள்ல அவனத் தாண்டிப் போவோம், போகும்போது எல்லாரும் பெல் அடிப்போம். டிங் டிங் டிங்குன்னு. அது எங்களுக்கு அவ்வளவு பெரிய காமெடி. இன்னொண்ணும் ஞாபகம் இருக்கு, லீடர் டியூப்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பி எங்களப் பாப்பான். நாங்க இருக்கோமான்னு. நான் ஒரு நாளும் அந்தச் சைக்கிளத் தொட்டதில்ல. அத நான் ரொம்ப வருஷம் எனக்கு நானே ஒரு சர்ட்டிஃபிகேட் மாதிரி வெச்சிருந்தேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ரீயூனியன். பத்தொம்பது பேர் வந்திருந்தோம், பிரியாணி, க்ரூப் ஃபோட்டோ, வழக்கம்போல. குருவி வந்திருந்தான், திருப்பூர்ல சொந்தமா யூனிட் வெச்சிருக்கான், எங்க எல்லாரையும் விட நல்ல கார்ல வந்தான். லீடர் வரல, வெளிநாட்டுல எங்கயோ இருக்கான், க்ரூப்புலயும் இல்ல. சாப்பிட்டுட்டு உக்காந்து பழசெல்லாம் பேசிட்டிருக்கும்போது குருவி சிரிச்சுக்கிட்டே சொன்னான், "நீங்கல்லாம் சேந்து என் சைக்கிள்ல காத்தப் பிடுங்கி விடுவீங்களேடா, நாலு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போவேன், ஞாபகம் இருக்கா?"

நீங்கல்லாம்.

எனக்குச் சட்டுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, டேய் நான் இல்லடா, அவன்தான்டா செய்வான்னு. சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அதே எடத்துல, அதே ஆளுங்களோட, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு. அவனுக்கு லீடர் பேர்கூட அந்த நேரம் ஞாபகம் வரல, "அவன் பேரென்ன, அந்த உயரமான பய"ன்னு கேட்டான். என் பேர் அவனுக்கு இனிஷியலோட ஞாபகம் இருந்துச்சு.

இந்தப் படத்தோட கொரியப் பேரு 'பாசுக்குன்'. காவல்காரன்னு அர்த்தம். நம்ம ஊர்ல காவல்காரன்னு பேர் வெச்சா ஹீரோ ஜீப்லேர்ந்து குதிப்பாரு. அங்க அந்தச் சொல்லக் கேட்டா, பதின்பருவப் பசங்களப் பத்தின ஒரு புகழ்பெற்ற அமெரிக்க நாவலோட கொரிய மொழிபெயர்ப்புதான் எல்லாருக்கும் ஞாபகம் வருமாம், வயக்காட்டுல ஓடற கொழந்தைங்க பள்ளத்துல விழாமப் பிடிக்கறவன். ஹியோங் அன்னிக்குச் சொன்னாரு, இந்தப் படத்துல யாரு அந்தக் காவல்காரன்னு தேடித் தேடிப் பாத்தேன், ஒருத்தனும் இல்லன்னு. கிதே அந்த ரெண்டு பேருக்கும் தான்தான் காவல்னு நெனச்சிருப்பானோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தோங்யூனுக்கும் அப்படி ஒரு நெனப்பு இருந்திருக்கும், நடுவுல நிக்கறவனுக்கு எப்பவும் இருக்கும்.

கடைசி சீன்ல அதே தண்டவாளம், அதே பேஸ்பால், தோங்யூன் ஞாபகத்துலயோ கற்பனையிலயோ கிதே திரும்ப வர்றான், பெரிய ஆள் மாதிரி வாய் பேசறான், யாருடா பெஸ்டுன்னு கேக்கறான். தோங்யூன் அவன் கேக்க நெனச்ச பதிலச் சொல்றான், நீதான்டான்னு. அத உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாமேன்னு மச்சினன் அன்னிக்குப் புலம்பினான். சொல்லியிருந்தா கிதே கேட்டிருப்பானா, இல்ல அதையும் கிண்டல்னு எடுத்திருப்பானா, எனக்குத் தெரியல. அந்த வயசுல யாரு யாருகிட்ட அப்படிச் சொல்லியிருக்கோம்?

போன வாரம் ராத்திரி தனியா நாலாவது தடவ போட்டேன். படம் முழுக்கப் பாக்கல. கிதே ஹீஜுன அடிக்கற எடங்கள மட்டும் ஓட்டி ஓட்டி, பாஸ் பண்ணிப் பாத்தேன். முன்னாடி நிக்கற ரெண்டு பேரும் அவ்வளவு தெளிவு, கண்ணிம கூட எண்ணலாம். பின்னாடி நிக்கற பசங்க பெரும்பாலும் ஃபோகஸ்ல இல்ல. யூனிஃபார்ம் தெரியுது, தோள் தெரியுது, பல்லு தெரியற மாதிரி வெள்ளையா ஏதோ ஒண்ணு. எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தேன். ஒரு ஷாட்ல மூணு வந்துச்சு, அடுத்ததுல நாலு, திரும்ப ஓட்டிப் பாத்தா ரெண்டு.